தாய்மொழிக் கணக்கும் நடுநிலையும்

நம் சங்கத்தின் மலர்க் குழுவினர் இவ்வாண்டும் கட்டுரை ஒன்று கேட்டனர். முன்னைய மலர்களில் மதுரைச் சித்திரைத் திருவிழாவைப் பற்றியும், தலைநகரத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாழ்வைப் பற்றியும் எழுதியிருக்கிறோம். இம்முறை எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வறண்டது. சமூகத்தை ஆராய்வோர் தம் அரசியல் பற்றுகளை ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளதை உள்ளவாறு காண இயலுமா என்பது அது. பேராசிரியர்கள் எழுதவேண்டிய பொருளில், பி.ஏ. படித்துவிட்டு மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகக் காலம் கழிக்கும் நமக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் நினைக்கக்கூடும். வேலை உண்டு. நடுநிலை தவறிய குற்றத்தை நாமே செய்திருக்கிறோம். அதையும் தமிழின் பெயரால் செய்திருக்கிறோம்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மொழி விவரங்கள் 2018ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெளியாயின. அலுவலகத்தில் அட்டவணைகளோடு மல்லுக்கட்டியே பழகிய நமக்கு இத்தகைய ஏடுகளைப் படிப்பதில் ஒரு சுவை உண்டு. நம் ஆர்வத்தை அறிந்த சங்கத்து அன்பர்கள், அவ்விவரங்களைப் பற்றி மாதாந்தரக் கூட்டத்தில் பேசுமாறு பணித்தனர். நாமும் பல இரவுகள் கண்விழித்துக் குறிப்பெடுத்துக்கொண்டு போனோம்.

அன்று கூறிய செய்திகளின் சாரம் இதுதான். அக்கணக்கெடுப்பில் நாட்டு மக்கள் தம் தாய்மொழி என்று சொன்ன பெயர்கள் மொத்தம் 19,569. ஒரே பேச்சுக்கு வழங்கும் பல பெயர்களையும், எழுத்து வேறுபாடுகளையும் களைந்து ஒழுங்குபடுத்தியபோது 1,369 தாய்மொழிகள் தேறின. இந்திய அளவில் பத்தாயிரம் பேரேனும் பேசுவன அவற்றுள் 270. அந்த 270ஐயும் இனம் சேர்த்துத் தொகுத்தபோது 121 மொழிகள் என்று முடிவாயிற்று. இந்தத் தொகுப்பில்தான் சூட்சுமம் இருக்கிறது. இந்தி பேசுவோர் 52 கோடியே 83 லட்சம், அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் என்று முதல் அட்டவணை கூறுகிறது. ஆனால் உள் அட்டவணையைப் புரட்டிப் பார்த்தால், 'என் தாய்மொழி இந்தி' என்று தம் வாயால் சொன்னவர்கள் 32 கோடியே 22 லட்சம் பேர்தாம். நூற்றுக்கு 27 பேர்கூட இல்லை. எஞ்சியவர்களுள் போஜ்புரி என்று சொன்னவர்கள் 5 கோடியே 5 லட்சம் பேர். ராஜஸ்தானி என்றவர்கள் 2 கோடியே 58 லட்சம் பேர். சத்தீஸ்கரி என்றவர்கள் 1 கோடியே 62 லட்சம் பேர். மகஹி என்றவர்கள் 1 கோடியே 27 லட்சம் பேர். இவ்வாறு ஐம்பதுக்கும் மேற்பட்ட தாய்மொழிகள் இந்தி என்னும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவரப்பட்டிருக்கின்றன.

இவற்றையெல்லாம் உரக்கச் சொல்லி, "கணக்கிலும் அரசியல் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?" என்று முடித்தோம். அரங்கம் அதிரக் கைதட்டினார்கள். அத்தகைய கைதட்டலை அதற்கு முன்னும் நாம் பெற்றதில்லை, பின்னும் பெற்றதில்லை.

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்றாள். தலைநகரில் சமூகவியல் ஆய்வு செய்யும் மாணவி. நம் பக்கத்துப் பெண்தான். "சார், ஒரு சந்தேகம். அதே அட்டவணையில் தமிழ் என்கிற தலைப்பின்கீழும் சில வரிகள் இருக்கின்றனவே, அவற்றைச் சொல்லவில்லையே?" என்றாள்.

அவள் கேட்டது மெய். தமிழ் பேசுவோர் 6 கோடியே 90 லட்சம் என்னும் எண்ணின்கீழே, தமிழ் என்று சொன்னவர்களோடு எருகுலா, கைக்காடி, கொரவா ஆகிய தாய்மொழிகளைச் சொன்னவர்களும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். தொகை சிறிது, இந்தியின் தொகுப்போடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆயினும் முறை ஒன்றே. அவ்வரிகள் நம் கண்ணில் படாமல் இல்லை. குறிப்பெடுத்த இரவில் பென்சிலை அவ்விடத்தில் வைத்து ஒரு கணம் நின்றதும், பின்பு அதைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனதும் நினைவிருக்கிறது. கண் கண்டதை நா சொல்லவில்லை. மேடையில் என்ன விடை சொல்வதென்று தெரியாமல் திகைத்து நின்றோம். செயலாளர் நேரத்தைக் காரணம் காட்டி நன்றியுரைக்குப் போய் நம்மைக் காப்பாற்றினார்.

கூட்டம் கலைந்தபின் மெட்ரோ நிலையம் வரையில் அந்தப் பெண் நம்மோடு நடந்து வந்தாள். "தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். நீங்கள் சொன்ன எண்களில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் நின்று கணக்குப் பார்த்தீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், விட்டுப்போன வரிகளை நாங்களே தேடிப் பார்த்திருப்போம்" என்றாள். சுவீடன் நாட்டுப் பொருளியல் அறிஞர் குன்னார் மிர்தால் 1969இல் வெளியிட்ட சிறிய நூல் ஒன்றின் பெயரைச் சொல்லி, முடிந்தால் படியுங்கள் என்று விடைபெற்றாள். சமூக ஆய்வில் புறநிலை நோக்கு என்பதே அந்நூலின் பொருள். இரண்டு மாதங்களுக்குப் பின் தரியாகஞ்சு ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகக் கடையில், அட்டை கிழிந்த படி ஒன்று அகப்பட்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தோம்.

மிர்தாலுக்கும் தில்லிக்கும் தொடர்பு உண்டு. அவருடைய துணைவியார் ஆல்வா மிர்தால் 1950களின் பிற்பகுதியில் இந்தியாவுக்கான சுவீடன் தூதராக இந்நகரில் பணியாற்றினார். தெற்காசிய நாடுகளின் வறுமையை ஆராய்ந்து 1968இல் மூன்று பெருந்தொகுதிகளாக மிர்தால் வெளியிட்ட ஆசிய நாடகம் என்னும் நூல் பலருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்பே, 1944இல், அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையைப் பற்றி அவர் எழுதிய நூல் பெரும் பெயர் பெற்றிருந்தது. அதில் அவர் கையாண்ட முறை கருதத்தக்கது. தமக்கு எச்சார்பும் இல்லை என்று அவர் வாதிடவில்லை. மனிதர் யாவரும் சமம் என்று அமெரிக்கர் தாமே பறைசாற்றும் கொள்கையை அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, அக்கோலால் அந்நாட்டு வாழ்வை அளந்தார். விருப்பு வெறுப்பற்ற ஆய்வு என்று ஒன்று இல்லை. எதைக் கேட்பது, எதை எண்ணுவது, எதற்கு என்ன பெயரிடுவது என்பவற்றிலெல்லாம் ஆய்வாளரின் விழுமியங்கள் புகுந்துவிடுகின்றன. அவற்றை ஒளித்துவைப்பதே கேடு, எடுத்து முன்னே வைப்பதே நேர்மை என்பது அவர் கட்சி.

அவருக்கு முன்னரே ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வெபர், 1904இல் எழுதிய கட்டுரை ஒன்றில் இச்சிக்கலை ஆராய்ந்திருக்கிறார். எக்கேள்வி கேட்கத் தக்கது என்பதை நம் விழுமியங்களே தீர்மானிக்கின்றன என்று அவரும் ஒப்புக்கொள்கிறார். ஆயினும் ஒரு வரம்பு கட்டுகிறார். ஆய்வின் முடிவு முறையாக நிறுவப்பட்டிருக்குமானால், நம் இலட்சியங்களில் சிறிதும் பற்றில்லாத ஒரு சீனரும் அதைச் சரியென ஒப்பவேண்டும் என்பது அவ்வரம்பு. கேள்வி நம்முடையதாக இருக்கலாம். விடை யாவர்க்கும் பொதுவாக இருக்கவேண்டும் என்று நாம் இதைப் புரிந்துகொண்டோம். வள்ளுவப் பெருந்தகை நடுவு நிலைமைக்குத் துலாக்கோலை உவமை காட்டியதும் நினைவுக்கு வந்தது. எதை நிறுப்பது என்று கடைக்காரர் தீர்மானிக்கலாம். தட்டின் ஓரத்தில் விரலை வைக்கலாகாது.

இந்த அறிவோடு மொழிக் கணக்கின் வரலாற்றைத் திரும்பப் பார்த்தபோது, முன்பு நாம் கண்டதைவிட அது சிக்கலாக இருந்தது. போஜ்புரியையும் மைதிலியையும் மகஹியையும் இந்தியிலிருந்து பிரித்து, பிஹாரி என்னும் தனித் தலைப்பில் வைத்தவர் கிரியர்சன் என்னும் ஆங்கில அரசின் அதிகாரி. 1894இல் தொடங்கி 1928இல் நிறைவுற்ற இந்திய மொழி ஆய்வை நடத்தியவர் அவர். ஆனால் அம்மொழிகளைப் பேசிய உழவர் யாரும் தம் பேச்சைப் பிஹாரி என்று சொன்னதில்லை. பெயரை வழங்கியவர் கிரியர்சனே. விடுதலைக்குப் பின் அதே பேச்சுகள் இந்தியின்கீழ் வந்தன. இதில் எது இயற்கை, எது அரசியல்?

மைதிலியின் கதை இன்னும் தெளிவானது. 1991ஆம் ஆண்டுக் கணக்கில் மைதிலி பேசியோர் இந்திக்காரர்களாகவே எண்ணப்பட்டனர். 2003இல் அரசியல் சட்டத்தின் 92ஆம் திருத்தம் மைதிலியை எட்டாம் அட்டவணையில் சேர்த்தது. அதன்பின் வெளிவந்த 2001ஆம் ஆண்டுக் கணக்கில், ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்ட தனிமொழியாக மைதிலி தலை நிமிர்ந்தது. தர்பங்காவில் தாய்மார் குழந்தைகளிடம் பேசிய பேச்சில் இடைக்காலத்தில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம். அதனால் மாறியது அட்டவணை.

தொகுப்போர் மட்டுமல்லர், விடை சொல்வோரும் அரசியலில் நிற்கிறார்கள் என்பதற்குப் பஞ்சாப் சான்று. தாய்மொழி எது என்னும் பூசல் அங்கே அத்துணை முற்றியிருந்தமையால், 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பஞ்சாபிலும் தில்லி உள்ளிட்ட அண்டைப் பகுதிகளிலும் இந்தி, உருது, பஞ்சாபி, பகாடி நான்கையும் பிரிக்காமல் ஒன்றாகக் கூட்டியே வெளியிட்டனர். 1961இல் பிரித்துக் கேட்டனர். அப்போது வீட்டில் பஞ்சாபி பேசும் இந்துக் குடும்பங்கள் பலவும் இந்தியே தம் தாய்மொழி என்று எழுதச் செய்தன. அக்கணக்கை அடிப்படையாக வைத்தே 1966 நவம்பர் முதல் நாள் பஞ்சாப் பிரிக்கப்பட்டு, அரியானா பிறந்தது. நம் குடியிருப்பில் இருந்த முதிய பஞ்சாபி அன்பர் ஒருவர், தம் தந்தையார் பஞ்சாபியிலேயே "நம் மொழி இந்தி" என்று கணக்கெடுப்பாளரிடம் அழுத்தந்திருத்தமாகச் சொன்னதை நினைவுகூர்ந்து சிரித்தார். நாமும் கூடச் சிரித்தோம். சிரித்தபின் நம் வீட்டு நினைவு வந்து நெஞ்சில் தைத்தது.

நம் ஊர் மதுரை. திருமலை நாயக்கர் மகாலை அடுத்த தெருக்களில் சௌராஷ்டிரர் என்று கூறப்படும் நெசவாளர் குடும்பங்கள் நெருங்கி வாழ்வதை அன்பர்கள் அறிவர். அவற்றுள் ஒன்று நம் குடும்பம். தந்தையார் தறி நெய்தார். தாயார் சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவார். முடிச்சிட்டுச் சாயத்தில் தோய்த்துப் பின் அவிழ்த்தால், முடிச்சு இருந்த இடமெல்லாம் வெண்புள்ளியாக மலரும். வீட்டில் பேசியது சௌராஷ்டிர மொழி. அதற்கென எழுத்து உண்டெனினும் நம் வீட்டில் எவரும் அதை அறியார். படித்ததெல்லாம் தமிழ், கனவு கண்டதும் தமிழில். பள்ளித் தமிழாசிரியர் ஊட்டிய பற்று, தில்லி வந்தபின் பன்மடங்கு பெருகிற்று. அரசுத் தேர்வு எழுதி 2003இல் இந்நகர் வந்து சேர்ந்த நாள் முதல் இச்சங்கமே நமக்குத் தாய்வீடு.

தந்தையார் மறைந்தபின் தாயாரை அழைத்து வந்தோம். ரயில் நிலையத்தில் ஒருவர் 'பானி, பானி' என்று தண்ணீர் விற்றதைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. நம் மொழியிலும் தண்ணீருக்கு அதுவே பெயர். மதுரையில் வீட்டுக்கு வெளியே கேட்டறியாத சொல்லை, ஆயிரத்தைந்நூறு கல்லுக்கு அப்பால் தெருவில் கேட்ட வியப்பு அது.

2011 பிப்ரவரியில் ஒரு மாலை. ராமகிருஷ்ணபுரத்துக் குடியிருப்பில் நம் வீட்டுக்குக் கணக்கெடுப்பாளராக ஓர் அம்மையார் வந்தார். பள்ளி ஆசிரியை, இந்தி பேசுபவர். நாற்காலியில் அமர்ந்து, தேநீரையும் மறுத்துவிட்டு, படிவத்தை விரித்தார். வீட்டில் நால்வர்: தாயார், நாம், துணைவியார், இரண்டு வயது மகள். பெயர், வயது, கல்வி என்று வரிசையாக வந்து தாய்மொழிக் கேள்வி வந்தது. "நால்வருக்கும் தமிழ்" என்றோம். அவர் நால்வருக்கும் ஒரேயடியாக எழுதிவிடவில்லை. ஒவ்வொருவராகச் சுட்டி, "மாதாஜிக்கும் தமிழா?" என்று கேட்டார். "ஆம்" என்றோம். சொன்னதைச் சொன்னபடி எழுதவேண்டும், வாதிடக்கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அவ்வாறே எழுதிக்கொண்டு போனார். அவர்மீது ஒரு குறையும் இல்லை.

தாயாருக்கு இந்தி தெரியாது. ஆனால் கேள்வியில் வந்த 'மாத்ருபாஷா' என்னும் சொல் விளங்கிவிட்டது. அம்மையார் போனபின், நம் வீட்டு மொழியில் கேட்டார்: "அப்படியானால் நான் உன்னிடம் பேசியதெல்லாம் என்னடா?"

நாம் படித்தவர்கள் அல்லவா? காரணம் சொன்னோம். அக்காரணத்தில் பொய்யும் இல்லை. கணக்கெடுப்பு ஏட்டில் சௌராஷ்டிர மொழி தனி மொழியன்று. அது குஜராத்தியின்கீழ் ஓர் உள்வரி. 2011ஆம் ஆண்டிலும் அவ்வாறே, சௌராஷ்டிரம் என்று சொன்ன ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் குஜராத்தி பேசுவோர் தொகையில் சேர்க்கப்பட்டனர். "சௌராஷ்டிரம் என்று சொன்னால் நம்மைக் குஜராத்திகள் கணக்கில் சேர்த்துவிடுவார்கள் அம்மா. அம்மொழியில் நமக்கு நான்கு சொல் தெரியுமா? தமிழ்தான் நமக்குச் சோறு போட்டது. இந்த ஊரில் தமிழர் எண்ணிக்கை குறையலாமா?" என்று விளக்கினோம்.

தாயார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, "அவர்கள் சேர்த்தால் குஜராத்தி. நீ சேர்த்தால் தமிழ். என்னை யாரும் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாண்டுகளுக்குப் பின் மேடையில் ஒரு மாணவி கேட்ட கேள்விதான் அதைத் தோண்டி எடுத்தது. தாய்மொழி என்பதற்குக் கணக்கெடுப்புத் துறை தரும் இலக்கணம் தெளிவானது: ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவர் தாய் அவரிடம் பேசிய மொழி. அவர் விரும்பும் மொழியன்று, படித்த மொழியன்று, பெருமைப்படும் மொழியும் அன்று. கேட்ட கேள்விக்குத் தாம் அறிந்த வரையிலும் நம்பும் வரையிலும் விடை கூறக் குடிமக்கள் கடமைப்பட்டவர்கள் என்று 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் கூறுகிறது. அரசு ஊதியம் பெறும் நாம் அக்கடமையை மீறினோம். தாயாருக்கும், நமக்கும், துணைவியாருக்கும் எழுதச் செய்தது பொய். துணைவியாரும் பரமக்குடிச் சௌராஷ்டிரக் குடும்பத்தவரே. தில்லியில் பிறந்த குழந்தைக்குத் தமிழ் தங்கவேண்டும் என்று மகளிடம் மட்டும் அவர் தமிழிலேயே பேசி வந்தார். ஆகவே நான்கு விடைகளில் மகளுடைய விடை ஒன்றே மெய்.

இங்கேதான் நாம் சொல்லவந்த கருத்து இருக்கிறது. மேடையில் நாம் சாடிய அந்த இந்தித் தொகுப்பையும், நம் வீட்டுக் கூடத்தில் நாம் செய்த தொகுப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தோம். நம்முடையதே கொடிது. போஜ்புரியை இந்தியோடு கூட்டியவர்கள் 5 கோடியே 5 லட்சம் என்னும் உள்வரியை அழித்துவிடவில்லை. அதே ஏட்டில், அடுத்த பக்கத்தில், கூட்டலுக்கு உட்பட்ட ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அச்சிட்டிருக்கிறார்கள். அவர்களுடைய கொள்கை நமக்கு உடன்பாடில்லை என்றால் கழித்துப் பார்த்துக்கொள்ள வழியிருக்கிறது. நாம் மேடையேறி முழங்க முடிந்ததே அவ்வுள்வரிகளின் தயவால்தான். அந்த மாணவி நம்மை மடக்கியதும் அவ்வாறே. ஆனால் நம் வீட்டு வாயிலில் நாம் மறைத்த மூவரை எந்த ஆய்வாளரும் எந்த அட்டவணையிலிருந்தும் மீட்க இயலாது. தொகுப்பில் செய்யும் அரசியலைப் பின்வருவோர் திருத்தலாம். விடையில் செய்த அரசியல் திருத்தத்துக்கு எட்டாது. 1951இல் நான்கு மொழிகளைப் பிரிக்காமல் கூட்டியபோது பஞ்சாபுக்கு நேர்ந்ததும் இத்தகையதே; பூசல் வேண்டாம் என்னும் நல்லெண்ணமே காரணமாக இருந்தாலும், பிரித்துப் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை.

இக்கருத்தை அலுவலக நண்பர் ஒருவரிடம் தேநீர் வேளையில் சொன்னோம். "எல்லாமே அரசியல்தான் ஐயா. இதில் மெய்யென்ன, பொய்யென்ன? அவரவர்க்கு வேண்டிய கணக்கை அவரவர் போட்டுக்கொள்கிறார்கள்" என்றார். இப்பேச்சு அறிவாளித்தனமாகத் தோன்றும். இன்று பலரும் இதைச் சொல்லக் கேட்கிறோம். நமக்கு இது உடன்பாடில்லை. எல்லாம் அரசியல் என்று கையை உதறிவிட்டால், தவறு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் வேறுபாடே இல்லாது போய்விடும். கேட்டதைக் கேட்டபடி எழுதிய அந்த ஆசிரியைக்கும், தெரிந்தே பொய் சொன்ன நமக்கும் வேறுபாடு உண்டு. அவருக்கும் ஒரு மொழிப்பற்று இருந்திருக்கும். அவர் அதைப் படிவத்துக்குள் விடவில்லை. 'எண்கள் தாமே பேசும். அவற்றில் சார்பே இல்லை' என்பவர் ஒருபுறம் ஏமாறுகிறார். 'எண்கள் எல்லாம் சார்பே' என்பவர் மறுபுறம் ஏமாறுகிறார். மொழியைக் கணக்கெடுக்கவேண்டும் என்பதே ஒரு விழுமியத்தின் விளைவு. பத்தாயிரத்துக்குக் குறைந்தோர் பேசும் மொழியைத் தனித்துக் காட்டுவதில்லை என்று 1971 முதல் கொண்டுள்ள வழக்கமும் ஒரு தீர்மானமே. 1961இல் அவ்வரம்பின்றி 1,652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டதும் மற்றொரு தீர்மானமே. இவற்றைப் பற்றி வாதாடலாம், வாதாடவேண்டும். ஆயினும் ஒரு தாய் தன் மகனிடம் எம்மொழியில் பேசினாள் என்பது வாதத்துக்கு உரியதன்று. அது நடந்த செய்தி.

இவ்வாறு எழுதுவதால் தமிழ்ப் பற்றைக் குறைத்துக்கொள்ளுமாறு கூறுவதாக அன்பர்கள் எண்ணவேண்டா. வீட்டில் சௌராஷ்டிரம் பேசிய கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராம் தமிழில் எழுதினார். அவருடைய 'காதுகள்' 1993இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. மதுரைச் சௌராஷ்டிரர் டி. எம். சௌந்தரராஜனின் தமிழ் உச்சரிப்பைக் கேட்டு வளராத தமிழ் வீடு ஏது? இவர்களுடைய தமிழ் எந்தக் கட்டத்தில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து நிற்கவில்லை. பொய்க் கணக்கின்மேல் நிற்கவேண்டிய நிலையில் தமிழும் இல்லை. நம்மிடையே இன்னும் தெலுங்கும், கன்னடமும், உருதுவும் வீட்டில் பேசி வெளியில் தமிழராய் வாழும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. இச்சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் அவர்கள் யாவருக்கும் இடம் உண்டு. அதற்குத் தாய்மொழிக் கட்டத்தில் பொய் எழுதவேண்டிய தேவை இல்லை.

தாயார் 2019ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் காலமானார். அக்கணக்கெடுப்பே அவர் இடம்பெற்ற கடைசிக் கணக்கெடுப்பு. 2021இல் நடக்கவேண்டியது தள்ளிப்போயிற்று. 2027 மார்ச் முதல் நாளை ஆதார நாளாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நிகழும் என்று 2025 ஜூனில் அரசிதழ் அறிவித்தது. அச்செய்தியைப் படித்த அன்றே நம் விடைகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டோம். நமக்கும் துணைவியாருக்கும் தாய்மொழி சௌராஷ்டிரம். மகளுக்குத் தமிழ். குஜராத்தியின்கீழ் எம்மைக் கூட்டினால் கூட்டட்டும். அது தவறு என்று எழுதவும் பேசவும் நமக்கு உரிமை உண்டு. நாம் உண்மை சொல்லியிருந்தால்தான் அவ்வுரிமையும் உண்டு. சென்ற முறை தாய்மொழிக் கேள்விக்கு அடுத்தபடியாக, அறிந்த பிற மொழிகள் எவை என்றும் கேட்டார்கள். இம்முறையும் கேட்டால் அங்கே முதலாவதாகத் தமிழ் என்று சொல்வோம்.

இவ்வேற்பாட்டை மகளிடம் சொன்னபோது, "அப்படியென்றால் பாட்டியின் மொழி எனக்கு எந்தக் கட்டத்திலும் வராதா அப்பா?" என்று கேட்டாள். தாயாரிடமிருந்து அவள் நிரம்பக் கற்றிருந்தாள் என்பது அதுவரை நமக்குத் தெரியாது. "உனக்குத் தெரிந்த மொழிகளில் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு மொழிகளுக்குத்தான் சென்ற முறை இடம் இருந்தது" என்றோம். இந்தியும் ஆங்கிலமும் அவளுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். எதை எழுதச் சொல்வாள் என்று நாம் கேட்கவில்லை. அவள் விடையை அவளே சொல்லட்டும்.